என் மகளாக நான் பேசிய ஏழு நிமிடங்கள்

எங்கள் வீட்டில் போன் பேசுவது என் மகளின் வேலையாக இருந்தது. பன்னிரண்டு வயதில் அந்தப் பொறுப்பு அவளிடம் போய்ச் சேர்ந்தது. மின்சாரக் கம்பெனி, பல் டாக்டர், வீட்டு ஏஜென்ட், விசா அலுவலகம் என்று எல்லோரிடமும் அவள் நானாகப் பேசுவாள். என் பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், பழைய முகவரிகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, நடுவில் ஒரு பெருமூச்சையும் சேர்த்துக்கொள்வாள். "ஏன்டி பெருமூச்சு விடுற?" என்று கேட்டால், "நீ அப்படித்தானே பேசுவ, அப்பத்தான் நம்புவாங்க" என்பாள்.

எனக்கு ஆங்கிலம் வராது என்பதல்ல. மதுரையில் முதுகலை முடித்தவள் நான். இங்கே ஆக்லாந்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. நாள் முழுக்க மீட்டிங், நாள் முழுக்க ஆங்கிலம். ஆனால் முகம் தெரியாத ஒருவரிடம் போனில் பேசினால் மறுமுனையில் ஒரு சின்ன மௌனம் வரும். அதன் பிறகு, "மன்னிக்கணும், இன்னொரு முறை சொல்ல முடியுமா?" மூன்றாவது முறை சொல்லும்போது என் பெயர் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இங்கே பிறந்த என் மகள் பேசினால் அந்த மௌனம் வராது. நாங்கள் குடியிருக்கும் பக்குரங்கா பகுதியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். யாரும் இதை ஆள்மாறாட்டம் என்று நினைத்ததில்லை. பிள்ளைகள் வீட்டுக்குச் செய்யும் உதவி, அவ்வளவுதான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் செய்த தவறு இந்தப் பழக்கத்திலிருந்து வந்தது என்பதுதான்.

போன வருடம் குளிர்காலத்தில் அவளுக்கு இருபது வயது. மருந்தியல் மூன்றாம் ஆண்டு. சனிக்கிழமைகளில் பாட்டனி டவுன்ஸில் ஒரு மருந்துக்கடையில் பகுதிநேர வேலை. அன்று மதியம் கவுண்டரில் நின்றபடியே பின்மண்டையில் யாரோ அடித்த மாதிரி வலித்திருக்கிறது. தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வாந்தி எடுத்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டாள். நானும் கணவரும் மருத்துவமனைக்கு ஓடியபோது ஓர் இளம் டாக்டர் அவளிடம் குனிந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை, நாக்கு குழறியது. அவர் எங்களிடம் திரும்பி, குடித்திருக்கிறாளா, ஏதாவது எடுத்துக்கொண்டாளா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான் என்று இன்று புரிகிறது. அன்று அவர் கழுத்தைப் பிடிக்கப் போனேன். கணவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறக்கும்போதே சிறுமூளையில் சிக்கலாக அமைந்திருந்த ரத்தக்குழாய்கள் வெடித்திருந்தன. அன்று மாலையே அறுவை சிகிச்சை. அவள் பிழைத்தாள். இதை ஒரே வாக்கியத்தில் எழுதுகிறேன். இதற்கு மேல் அந்த வாரங்களை எழுத என்னால் இன்னும் முடியவில்லை.

மூச்சு விடுவதற்காகத் தொண்டைக்குள் வைத்திருந்த குழாயை எடுத்த பிறகு சில நாள்கள் அவள் பேசவேயில்லை. பிறகு ஒரு காலையில் "வாட்டர்" என்றாள். நான் கேட்டுப் பழகிய "வாட்டர்" அல்ல அது. முதல் பாதியும் இரண்டாவது பாதியும் ஒரே எடையில், இரண்டு கற்களைத் தனித்தனியாகக் கீழே வைத்த மாதிரி வந்தன. அடுத்த வார்த்தை காதைப் பிளக்கும் சத்தத்தில் வந்தது. அதற்கடுத்தது மூச்சுக்குள்ளேயே போய்விட்டது. அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். அதை நினைத்ததற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நரம்பியல் டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். "அவளுடைய வார்த்தைகள் எல்லாம் பத்திரமா இருக்கு. நினைவு, படிப்பு, புத்தி எதுவும் போகலை. வார்த்தையைத் தேடி எடுக்கிறது சிறுமூளையோட வேலை இல்லை. உதடு, நாக்கு, தாடை, தொண்டை, மூச்சு இதெல்லாம் எப்ப அசையணும், எவ்வளவு வேகமா, எவ்வளவு அழுத்தமான்னு அளந்து குடுக்கிறதுதான் அதோட வேலை. அந்த அளவுதான் கெட்டுப்போயிருக்கு."

பிறகு தன் விரலை நீட்டி, அதைத் தொட்டுவிட்டு மூக்கைத் தொடச் சொன்னார். அவள் கை அவர் விரலைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, ஆடி ஆடி ஒரு வழியாகத் தொட்டது. மூக்குக்குப் பதில் கன்னத்தில் இடித்தது. "இப்ப கையில பாக்கிறீங்களே, இதையேதான் வாய்க்குள்ள நாக்கும் பண்ணுது. அது உங்க கண்ணுக்குத் தெரியாது, அதனால வேற என்னவோன்னு நினைச்சிடுவீங்க" என்றார். நான் நினைத்ததை அவர் பார்த்துவிட்டார் போலிருந்தது.

என் தொழிலில் இது எனக்குப் பழக்கமான கோளாறுதான். விடை சரியாக இருக்கும். வந்து சேரும் நேரம் தவறியிருக்கும். திரையில் பார்ப்பவர் விடையே தவறு என்று முடிவு கட்டிவிடுவார். அப்படி முடிவு கட்டியவர்களிடம் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். என் மகள் விஷயத்தில் எனக்கே யாராவது வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் பேச்சை அசை அசையாக உடைத்து, புள்ளி வைத்து, கோடு போட்டு எழுதிக் காட்ட நான் போவதில்லை. அவள் சொன்னதை, சொன்ன வாக்கியமாகவே எழுதுவேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உங்களுடையதைவிட மூன்று மடங்கு நேரம் ஆனது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஊர் தன் வேலையை ஆரம்பித்தது. தெருமுனை டெய்ரியில், அதாவது சின்ன மளிகைக்கடையில், எத்தனையோ வருடமாக அவளுக்குப் பால் விற்றவர், அவள் வாயைத் திறந்ததும் குரலை உயர்த்தி, விரலால் எண்ணிக் காட்டி விலை சொன்னார். "எனக்குக் காது நல்லாக் கேக்குது" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். கோயிலில் ஒரு அம்மா, அவள் பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம், "பாப்பா என்ன படிச்சிட்டிருந்தா?" என்று கேட்டார். "இருந்தா இல்லைங்க, படிக்கிறா" என்றேன். என் குரலில் இருந்த சூட்டைப் பார்த்து அவர் பிரசாதத்தைக் கையில் வாங்காமலே நகர்ந்துவிட்டார். போகட்டும். சென்னையிலிருந்து கணவரின் அண்ணன் வீடியோவில் வந்தபோது, "எதுக்கும்மா பிள்ளைக்குச் சிரமம்? அவ மியூட்ல இருக்கட்டும், நீ சொல்லு" என்றார். பாசத்தில்தான் சொன்னார். என் மகள் கேமராவுக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், "பெரியப்பா, நீங்க மியூட்ல இருங்க, நான் சொல்றேன்" என்றாள். அவர் சிரித்தார். ஆனால் மியூட்டில் இருக்கவில்லை.

போன்தான் எல்லாவற்றையும்விட மோசம். நேரில் பேசினால் அவள் கண்ணில் இருக்கும் கூர்மையாவது தெரியும். போனில் குரல் மட்டும்தான். வங்கியின் இயந்திரக் குரல், "மன்னிக்கவும், புரியவில்லை" என்று நான்கு முறை சொல்லிவிட்டுத் தானே துண்டித்துக்கொண்டது. ஒரு கடைக்காரர், "போதை தெளிஞ்சதும் கூப்பிடும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று அவள் போனைச் சோபாவில் எறிந்தாள். குறி தவறிச் சுவரில் பட்டது. அதன் பிறகு போன் என்னிடம் திரும்பி வந்தது. அவளுடைய பிறந்த தேதி, மாணவர் எண், மருத்துவ எண் எல்லாம் நான் மனப்பாடம் செய்துகொண்டேன். அவளாக நான் பேச ஆரம்பித்தேன். அவள் எனக்குச் செய்ததைத்தானே அவளுக்கு நான் செய்கிறேன் என்று நினைத்தேன். ஏன், பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சி. ஒரு மூச்சுக்கு இத்தனை வார்த்தை என்று பிரித்துக்கொள்வது, தொடையில் விரலால் தட்டிக்கொண்டே அசைகளை வைப்பது, வாக்கியத்தின் முதல் வார்த்தையிலேயே மூச்சு முழுவதையும் கொட்டிவிடாமல் இருப்பது. "ப-த-க, ப-த-க" என்று எவ்வளவு வேகமாகத் தொடர்ந்து சொல்ல முடிகிறது என்று பயிற்சியாளர் எண்ணுவார். நான் அறை மூலையில் உட்கார்ந்து நானும் விரல் விட்டு எண்ணுவேன். போன வாரத்தைவிட ஒன்று குறைந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. எங்களுக்கு அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான்: அவள் முடிக்கும்வரை காத்திருங்கள், நீங்கள் முடித்துவைக்காதீர்கள். நான் பலமாகத் தலையாட்டுவேன். காரில் ஏறி, பெல்ட்டைப் போடுவதற்குள் அவளுடைய இரண்டு வாக்கியங்களை முடித்துவைத்திருப்பேன்.

அவளிடம் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இப்போது வீட்டில் தமிழில் பேச ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையின் ஒரு பகுதியை அழுத்தி மற்றதை விழுங்க வேண்டும், அந்த விழுங்கல்தான் அவளுக்குக் கஷ்டம், தமிழ் அவ்வளவாக அதைக் கேட்காது என்று பயிற்சியாளர் யோசித்துச் சொன்னார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "பாரும், இவள் இப்பதான் தமிழ் வடிவாக் கதைக்கிறாள். முந்தி என்ன கேட்டாலும் 'யா, யா' எண்டு மட்டும்தானே சொல்லுவாள்" என்றார். என் மகள், "யா" என்றாள். அக்கா அவள் காதைத் திருகினார்.

இந்த வருடம் அவள் படிப்புக்குத் திரும்பினாள். விட்ட இடத்திலிருந்து தொடர, வருடக் கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் நோயாளியாக நடிக்கும் ஒருவர் இருப்பார். மூலையில் தேர்வாளர் இருப்பார். எட்டு நிமிடத்துக்குள் நோயாளியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு, மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி முடிக்க வேண்டும். மணி அடித்தால் அடுத்த அறை. தேறாவிட்டால் நான்காம் ஆண்டு கிடையாது. அவளைப் போன்றவர்களுக்குக் கூடுதல் நேரம் கேட்க வழி இருந்தது. படிவத்தை நிரப்பி, பயிற்சியாளரின் கடிதத்தையும் இணைத்து அனுப்பினாள். இரண்டு வாரமாகப் பதில் இல்லை. அவள் பொறுமையாக இருந்தாள். எனக்குத்தான் பொறுமை இல்லை.

ஒரு மதிய இடைவேளையில் அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில், என் காருக்குள் உட்கார்ந்து பல்கலைக்கழகத்தில் அந்தப் படிவங்களைக் கவனிக்கும் பிரிவுக்குப் போன் செய்தேன். மாணவர் எண் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண்மணி, "மாணவியே பேசுகிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறந்த தேதி கேட்டார். சொன்னேன். படிவம் கிடைத்தது, வரிசையில் இருக்கிறது என்றார். பிறகு கனிவாக, "பேச்சு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரொம்ப நல்லா இருக்கு, நாளுக்கு நாள் முன்னேற்றம்தான்" என்றேன். யார் கேட்டாலும் நான் சொல்லிப் பழகிய பதில் அது. கடைக்காரரிடமும் கோயிலிலும் சென்னையிலும் அதையேதான் சொல்லியிருந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண்மணி ஒரு முறைகூட "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்கவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக இந்த நாட்டில் ஒரு போன் அழைப்பை முழுசாக, சரளமாகப் பேசி முடித்த மிதப்பில் இருந்தேன். பாடங்களைப் பற்றிக்கூடக் கேட்டார், பேசினேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் ஏழு நிமிடம்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தேன். என் மகள் சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து நான் யார்கூடப் பேசினேன்?" என்று தமிழில் கேட்டாள்.

திரையில் மின்னஞ்சல் இருந்தது. நேற்று அவளுடன் பேசியதில் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள். கை நடுக்கத்துக்காக எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் தரப்படுகிறது. உரையாடலில் பேச்சு தெளிவாகவும் சரளமாகவும் இருந்ததால், கடிதத்துக்குப் பின் நல்ல முன்னேற்றம் ஏற்பட்டிருப்பது தெரிகிறது. எனவே வாய்மொழித் தேர்வில் கூடுதல் நேரம் தேவைப்படாது.

"ஃபார்ம் கிடைச்சுதான்னு கேக்கத்தான் பண்ணேன்டி..."

"எப்படி இருக்குன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புத்தி போயிற்று. "நீ மட்டும் சின்ன வயசுல நானாப் பேசலையா? எத்தனை தடவை பேசியிருக்க!" என்று திருப்பிக் கேட்டேன். நாற்பத்தொன்பது வயதுப் பெண் கேட்கிற கேள்வியா அது?

"நான் நீயாப் பேசி உனக்குக் கரண்ட் வாங்கிக் குடுத்தேன். நீ நானாப் பேசி என் நேரத்தை அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்ட."

இதைச் சொல்லும்போது அவள் குரல் கட்டுப்பாட்டில் இல்லை. "என் நேரத்தை" என்பது ஒரு கத்தலாக வெளியே வந்தது. கத்த வேண்டும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். நினைத்திருந்தாலும் அவளுக்கு அந்த உரிமை இருந்தது. பின்கதவு வழியாக அக்கா வந்துவிட்டார், கையில் தங்கள் வீட்டுக் கொடியில் பறித்த புடலங்காயோடு.

"என்ன சண்டை? றோட்டு வரைக்கும் கேக்குது."

"அன்ரி, அம்மா போன்ல நானா நடிச்சிட்டாங்க."

"நல்லா நடிச்சவவோ?"

"ரொம்ப நல்லா. அதுதான் பிரச்சினை."

விஷயத்தைக் கேட்டதும் அக்காவின் சிரிப்பு நின்றது. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவர் அவர். புடலங்காயை என் பக்கம் நீட்டி, "உமக்கென்ன விசரே? பிள்ளைக்கு வாய் இல்லையே? எங்கட இடத்தில ஒரு மனிசி இருந்தவ, பேச்சு விழுந்துபோச்சு. மகன் வருவான், என்ன கேட்டாலும் தானே பதில் சொல்லுவான். அம்மாக்குத் தேத்தண்ணி வேணும், அம்மாக்குக் குளிருது எண்டு. ஒருநாள் அந்த மனிசி கோப்பையால எறிஞ்சு போட்டுது. நேரா அவன்ர நெத்தியில" என்றார்.

"எனக்குக் குறி சரியா வராது அன்ரி" என்றாள் என் மகள். "இல்லாட்டி எறிஞ்சிருப்பேன்."

நான் உடனே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். இருவருமே "வேண்டாம்" என்றார்கள். என் மகளின் "வேண்டாம்" கொஞ்சம் பின்னால் வந்தது, ஆனால் அதுதான் நிலைத்தது. தானே நேரில் போவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன் என்று கெஞ்சினேன்.

"வரலாம். ஒரே ஒரு வாக்கியம் பேசலாம். அதையும் நான் சொல்றப்பதான்."

அந்தப் பிரிவின் அலுவலகத்துக்குப் போன அன்று பேருந்தில் எனக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. பொய் சொன்னதற்காக அவளைத் தேர்விலிருந்தே தள்ளிவைத்துவிட்டால்? நான் கேட்கவில்லை. எதுவும் கேட்கக் கூடாது என்று விதி.

சின்ன அறை. மூன்று நாற்காலிகள், மேஜையில் ஒரு டிஷ்யூப் பெட்டி. போனில் என்னிடம் பேசிய அந்தப் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். என் மகள் வணக்கம் சொன்னதும் அவர் முகம் மாறியது. தான் அனுப்பிய மின்னஞ்சலில் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று அந்த ஒரு வார்த்தையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நல்லவர்களுக்கே உரிய ஒரு பழக்கம் அவருக்கும் இருந்தது. என் மகள் "எனக்கு வேண்டியது" என்று ஆரம்பித்து மூச்சு எடுத்தபோது, "தனி அறையா?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"இல்லை."

"எழுதிக் காட்ட அனுமதியா?"

"இல்லை. தயவு செஞ்சு காத்திருங்க."

எனக்கு விடை தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு டிஷ்யூப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பூக்களை எண்ணினேன். மூச்சை எடுத்தாள், விரலால் தொடையைத் தட்டினாள், பேசினாள். தமிழில் இங்கே எழுதுகிறேன். அவள் சொன்னது ஆங்கிலத்தில், அவளுக்கு அதிகம் கஷ்டமான மொழியில்.

"மருந்து என்னன்னு எனக்குத் தெரியும். அது என்ன பண்ணும்னு தெரியும். நோயாளிகிட்ட எதை முதல்ல சொல்லணும், எதைக் கடைசியில சொல்லணும்னு தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் அந்த எட்டு நிமிஷம். நான் பாதி சொல்லிக்கிட்டிருக்கும்போது மணி அடிச்சா, நீங்க அளந்தது என் படிப்பை இல்லை. என் நாக்கை."

அந்தப் பெண்மணி அவசரப்படவில்லை. அவள் சொல்லி முடித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் ஒரு கேள்வி கேட்டார், நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. "நிஜமான கடையில் நோயாளிகள் காத்திருப்பார்களா?"

"மாத்திரையை எண்ணிப் போட்டுக் குடுக்கப் பத்து நிமிஷம் காத்திருக்காங்க. எனக்கு இன்னும் நாலு நிமிஷம் காத்திருப்பாங்க." மூச்சு. "ரெண்டு மாசமாச் சனிக்கிழமை திரும்ப வேலைக்குப் போறேன். வயசானவங்க என்கிட்ட வர்றாங்க. மத்தவங்க வேகமாச் சொல்றது அவங்களுக்குப் புரியலையாம்."

இது எனக்கே தெரியாது. என் மகள் கடையில் பின்னால் பெட்டி அடுக்குகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் கேட்டதில்லை. அவள் கவுண்டரில் நின்று பேசுவாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் என் பக்கம் திரும்பித் தலையசைத்தாள். "போனில் பேசியது நான்" என்றேன். என் ஒரு வாக்கியம். அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சிரிக்கவில்லை. இது சரியல்ல, கோப்பில் குறித்துவைத்தே ஆக வேண்டும், இனி மகளின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் என்னிடம் யாரும் பேச மாட்டார்கள் என்றார். மன்னிப்புக் கேட்கவும் பிள்ளையின் உடல்நிலையை முதலிலிருந்து விளக்கவும் எனக்கு வாய் துடித்தது. என் வாக்கியம் முடிந்திருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

பயிற்சியாளரிடமிருந்து புதிய கடிதம் வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வோர் அறைக்கும் எட்டுக்குப் பதில் பன்னிரண்டு நிமிடம் என்று பதில் வந்தது. சலுகை கிடைத்ததாமே என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். சலுகை இல்லை. மற்ற மாணவர்களுக்குக் கிடைத்த அதே தேர்வு அவளுக்கும் கிடைத்தது, அவ்வளவுதான். அவர் புரிந்துகொள்ளாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

தேர்வுக்கு அவள் தனியாகப் போனாள். அன்று நான் அலுவலகத்தில் ஒரு வேலையும் செய்யவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தலைவலி என்றாலே இன்னும் கார் சாவியைத் தேடுகிறேன். குளியலறையில் சோப்பு விழும் சத்தத்துக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறேன். இந்தப் பயம் போகும் என்று தோன்றவில்லை. அதைச் சுமந்துகொண்டே வாயை மூடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு வந்த அன்று அவளை ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவரப் போயிருந்தேன். காரில் ஏறி உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தாள் போலிருக்கிறது.

"அஞ்சு ரூம் பாஸ். ஒரு ரூம் ஃபெயில்."

நேரம் பத்தவில்லையா என்று கேட்க வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அந்த ரூம்ல எல்லாம் சொல்லி முடிச்சிட்டேன். ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. ஆன்டிபயாட்டிக் குடுக்கிறதுக்கு முன்னாடி, அலர்ஜி இருக்கான்னு கேக்க மறந்துட்டேன்." போனில் தேர்வாளரின் குறிப்பைக் காட்டினாள். உரையாடல்: திருப்தி. பாதுகாப்பு: தேறவில்லை. "கிளாஸ்ல இன்னும் நாலு பேர் அதே ரூம்ல ஃபெயில். எல்லாரும் மறந்திருக்கோம்."

பிறகு சிரித்தாள். அவள் சிரிப்பும் இப்போது அளவில்லாமல்தான் வருகிறது. திடீரென்று உரக்க ஆரம்பித்து, நடுவில் நின்று, மறுபடி வரும். பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். "எல்லாரையும் மாதிரி ஃபெயில் ஆயிருக்கேன்மா" என்றாள். "மண்டையாலதான் ஃபெயில் ஆனேன். வாயால இல்லை."

அந்த ஓர் அறைக்கு மறுதேர்வு வருகிற செவ்வாய்க்கிழமை. தேறினால் நான்காம் ஆண்டு. அலர்ஜி பற்றிக் கேட்பாளா, மணி அடிப்பதற்குள் கேட்டு முடிப்பாளா என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். என்னிடம் கேட்காதீர்கள். அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள்.